சும்மாதான் போகிறேன்

எங்கள் பக்கத்தில் கிராவல் என்றால் லாரியில் வரும் செம்மண். பள்ளத்தை மேடாக்க, அஸ்திவாரம் நிரப்ப, லோடு இவ்வளவு என்று பேரம் பேசி வாங்குவது. அதே சொல் ஒரு விளையாட்டின் பெயர் என்பது முப்பத்தைந்து வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரியும். தார் போடாத பாதைகளில், ஊருக்கு வெளியே, நாள் முழுக்க சைக்கிள் மிதிப்பதற்குப் பெயர் கிராவல் சைக்கிளிங். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தின் எம்போரியா என்ற சின்ன ஊரில் 2006இல் தொடங்கிய 200 மைல் பந்தயம் இன்று உலகப் புகழ் பெற்றது. அதற்கென்று தனி சைக்கிள், வளைந்த ஹேண்டில்பார், 40 மில்லிமீட்டர் வாக்கில் அகலமான டயர். நல்லதாக ஒன்று வாங்கப் போனால் விலை லட்சத்தைத் தொடும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நம் ஊர் பால்காரரும் மீன்காரரும் மிதித்த கறுப்பு சைக்கிளின் டயர் ஒன்றரை அங்குல அகலம். அதாவது 38 மில்லிமீட்டர். சரளை ரோட்டையும் வண்டித்தடத்தையும் நினைத்துத்தான் அந்த அகலம். விளையாட்டுக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே இங்கே அதை எல்லோரும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் என்றால், ஆண்கள்.

சென்னையில் காலை நேரம் ஹெல்மெட்டும் இறுக்கமான உடையுமாகச் சைக்கிளில் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் தெற்கேதான் போகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை, மாமல்லபுரம், திரும்பும் வழியில் ஃபில்டர் காபி. நான் புளியந்தோப்புக்காரி. எனக்கு வடக்குதான் பக்கம். ஞாயிறு விடிவதற்கு முன் பேசின் பிரிட்ஜ், ராயபுரம் தாண்டி, ஏலச் சத்தத்தில் காசிமேடு விழித்திருக்கும்போதே அதையும் கடந்துவிட வேண்டும். விடிந்துவிட்டால் எண்ணூர் நெடுஞ்சாலை முழுக்க கண்டெய்னர் டிரெய்லர்கள். அந்த டயர் என் தோள் உயரம். திருவொற்றியூரில் ஒருபக்கம் கடல், கரையில் கொட்டிய கருங்கல். மறுபக்கம் லாரி வரிசை. நடுவில் நமக்கு மிஞ்சுவது ஒரு முழம் ரோடு.

எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றைத் தாண்டி அத்திப்பட்டுப் பக்கம் போனால் பாதை மாறும். உப்பளம், சீமைக்கருவேலம், அனல்மின் நிலையத்துச் சாம்பலைச் செப்பாக்கத்துக்குக் கொண்டுபோகும் குழாய்கள். உலர்ந்த சாம்பல் மாவு மாதிரி, முன்சக்கரத்தை விழுங்கும். டயரில் கொஞ்சம் காற்றைக் குறைத்துவிட்டு, பின்னால் எடையைத் தள்ளி உட்கார்ந்து, பிரேக்கைத் தொடாமல் போக வேண்டும். அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, சாம்பலே சொல்லித் தந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து இந்த ஆற்றில் படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாவற்றிலும் ஒட்டியது. வெள்ளம் வடிந்து நான் போனபோது கரைச் சேறு கறுப்பாக மினுங்கியது.

பக்கத்திலேயே வருவது பக்கிங்காம் கால்வாய். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலில் எண்ணூர் வரை வெட்டியது. 1877-78 பஞ்சத்தில் நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டையும் வெட்டினார்கள். அந்தப் பஞ்ச வேலைகளில் பெண்களும் மண் சுமந்தார்கள், ஆண்களைவிடக் குறைந்த கூலிக்கு. கால்வாய்க் கரையில் மிதிக்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். இந்தப் பக்கத்துப் பாதைகளில் பெண்கள் எப்போதும் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள், தலையில் ஏதாவது ஒன்றோடு.

சுமை இல்லாமல் போனால்தான் கேள்வி வரும்.

“எங்கம்மா போற?” அத்திப்பட்டு டீக்கடையில் ஒரு அண்ணன்.

“சும்மாதாண்ணா.”

“சும்மான்னா... எங்க?”

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ‘சும்மா’ என்பதை ஒரு ஊரின் பெயராக எடுத்துக்கொள்ள அவரால் முடியவில்லை, அவ்வளவுதான். எங்கள் தெருவிலும் அப்படியே. “இன்னா, ஞாயித்துக்கெழமயும் வேலையா?” என்று அக்கறையாகக் கேட்பார்கள். ஒரு தடவை கேரியரில் காலி பிளாஸ்டிக் கேன் ஒன்றைக் கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். மீஞ்சூர் வரை ஒருத்தர்கூட எதுவும் கேட்கவில்லை. கேனைப் பார்த்ததும் அவர்களே ஒரு காரணத்தை முடிவு செய்துகொண்டார்கள். அடுத்த வாரம் கேனைக் கழற்றிவிட்டேன், கேள்வி திரும்ப வந்தது.

பெண்ணும் சைக்கிளும் என்று பேச்செடுத்தால் நாம் எல்லோரும் புதுக்கோட்டைக்குத்தான் போவோம். சரிதான், அதைவிடப் பெரிய கதை இல்லை. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். கல்குவாரிக் கூலிகள், விவசாயக் கூலிகள், கிராமச் செவிலியர்கள் என்று ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். லேடீஸ் சைக்கிள் போதவில்லை, ஜென்ட்ஸ் சைக்கிளே வாங்கினார்கள். அதுதான் வசதி என்றும் சொன்னார்கள், பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே. இன்று மேடைகளில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் தண்ணீர்க் குடம், விளைபொருள், மிச்சமான நேரம் என்றுதான் அடுக்குகிறார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தியாவது வேலை முடிந்த சாயங்காலம் காற்று வாங்க மட்டும் ஒரு சுற்று போயிருப்பாள். அவளைப் பற்றி மேடையில் ஒரு வார்த்தை கிடையாது.

வெளிநாட்டிலும் பெரிதாக மாற்றமில்லை. 1890களில் சைக்கிள் ஓட்டும் பெண்ணுக்கு முகமே கோணிப்போகும் என்று பயமுறுத்தி, ‘சைக்கிள் முகம்’ என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். 1894இல் பாஸ்டனிலிருந்து உலகத்தைச் சுற்றக் கிளம்பிய ஆனி லண்டன்டெரி மூன்று குழந்தைகளின் தாய். 100 டாலருக்கு ஒரு தண்ணீர் கம்பெனியின் விளம்பரப் பலகையைச் சைக்கிளில் மாட்டி, அந்தக் கம்பெனியின் பெயரையே தன் பெயராகவும் வைத்துக்கொண்டார். உலகத்தைச் சுற்றினாலும் ஒரு பலகை வேண்டியிருக்கிறது.

என் முதல் சைக்கிள் அரசு கொடுத்தது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கென்று 2001-02இல் தொடங்கி, பிறகு எல்லோருக்கும் விரிந்த திட்டம். பிளஸ் ஒன்னில் வாங்கினேன். பள்ளிக்கூடம் போக, வர. சனி ஞாயிறு தம்பி எடுத்துக்கொள்வான். “ஸ்கூல் லீவுதானே, உனக்கு எதுக்கு?” என்பாள் அம்மா. பிளஸ் டூ முடித்த வாரமே அது அவனுடையதாகிவிட்டது. யாரும் சண்டை போடவில்லை, நானும்தான். காரணம் தீர்ந்தது, சைக்கிளும் போனது. அடுத்த சைக்கிளை என் சம்பளத்தில் வாங்க எனக்குப் பதினேழு வருஷம் ஆனது.

இதைப் படிக்கிற பெண்கள் கேட்கக்கூடிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சைக்கிளோடு வரும் ஒல்லி சீட் நம்மில் பலருக்குச் சரிப்படாது. நம் இடுப்பெலும்பு அகலம், அதற்கேற்ற சீட்டை முதலில் மாற்றுங்கள். கழிவறைதான் பெரிய பாடு. ஆண்கள் மேட்டையும் பள்ளத்தையும் வைத்துப் பாதையை முடிவு செய்கிறார்கள். நான் எந்தப் பெட்ரோல் பங்க்கில் கதவு திறந்திருக்கும், எந்தக் குப்பத்தில் தெரிந்த அக்கா இருக்கிறாள் என்பதை வைத்து முடிவு செய்கிறேன். மாதவிலக்கு நாட்களில் மீஞ்சூரோடு திரும்பிவிடுவேன். எங்கும் நிற்க முடியாது என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் மட்டும் போகாதீர்கள்.

பழவேற்காடு வரை போனால் போக வர நூறு கிலோமீட்டர் வாக்கில் ஆகும். போன மாசியில் போனேன். ஏரியோரச் சேற்றில் இருளர் பெண்கள் கையாலேயே இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் துழாவும். பனையோலைப் பறி பல்லிடுக்கில். அதனால் வேலை நேரத்தில் பேச முடியாது. கரையேறிய ஒரு அக்கா பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டாள்.

“எங்கருந்து வர்ற?”

“புளியந்தோப்புலேர்ந்துக்கா.”

“சைக்கிள்லயா? இன்னா விக்கிற?”

“ஒண்ணும் விக்கல. சும்மா வந்தேன்.”

கொஞ்ச நேரம் சைக்கிளையே பார்த்தாள். “எனக்கும் ஓட்டத் தெரியும்மா. எங்கிட்ட ஒண்ணு இருந்துச்சி, இப்ப பையன் வச்சினுகிறான்.”

ஸ்பேனரை எடுத்து சீட்டை இரண்டு அங்குலம் இறக்கினேன். சேறு படிந்த புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். முதலில் கொஞ்சம் ஆட்டம், அப்புறம் நேராகிவிட்டது. கருவேல மரம் வரை போய்த் திரும்புவாள் என்று நினைத்தேன். மரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள். உள்ளே துள்ளும் இறாலோடு பறியைப் பிடித்துக்கொண்டு நான் கரையில் நின்றேன்.