ஸ்ட்ரைக்கு வருசம் பிறந்தவள்

அம்மாவின் பீரோவுக்கு மேலே ஒரு டிரங்குப் பெட்டி இருக்கிறது. மூடியில் வெள்ளைப் பெயிண்டில் ஆங்கில எழுத்து 'கே', ஒரு புள்ளி, பிறகு என் பூட்டனின் பெயர். கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர் அவர். அந்த 'கே' அவருடைய அப்பா. குப்பனா, காத்தவராயனா, கன்னியப்பனா என்று சொல்ல வீட்டில் இப்போது ஆள் இல்லை. அப்பாவை ஓர் எழுத்தாகச் சுமக்கிறவர்கள் நாம். மூன்று தலைமுறை போனால் எழுத்து மட்டும் மிஞ்சுகிறது.

இன்னொரு துப்பும் கையில் இருந்தது. அவருடைய மகளான என் பாட்டி, வயசு கேட்டால் "நான் ஸ்ட்ரைக்கு வருசம் பொறந்தவ" என்பாள். எந்த ஸ்ட்ரைக்கு என்று நாங்கள் கேட்டதே இல்லை.

பூட்டனைத் தேடி நாகர்கோவிலில், பெங்களூரு போகும் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் ஏறினேன். ஒரு பகல் முழுக்கக் கேரளம், ராத்திரியில் சேலம், விடியும் நேரத்தில் பங்காரப்பேட்டை. தங்கவயலில் இருக்கும் மாரிக்குப்பத்துக்குக் கிளைப்பாதை பிரிவது இங்கேதான். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடிய பிறகு, தங்கவயல் பிள்ளைகள் தினமும் ரயிலேறி பெங்களூருவுக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். சாப்பாட்டுப் பையோடு பிளாட்பாரத்தில் நின்றவர்கள் பேசிக்கொண்டிருந்தது என் பாட்டியின் தமிழ். எங்கள் வீட்டோடு போய்விட்டது என்று நினைத்திருந்த பேச்சு, சன்னல் வழியாகக் காதில் விழுந்தது. இறங்கிப் போய் அவர்கள் பக்கத்தில் நிற்கலாம் போல இருந்தது.

பெங்களூருவில் கப்பன் பூங்காவுக்குள் மூங்கில் புதர்களைத் தாண்டிப் போனால், மரங்களுக்கு நடுவில் செக்கச்செவேலென்று ஒரு கட்டடம். உயரத் தூண்கள், முன்னால் ஒரு சிலை. சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபம். இப்போது மாநில மத்திய நூலகம். வாசலிலேயே நின்றுவிட்டேன். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து 1883 முதல் 1901 வரை மைசூர் சமஸ்தானத்தின் திவானாக இருந்தவர் சேஷாத்ரி ஐயர். காவிரி விழும் சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுக்கும் வேலை அவர் முயற்சியில் தொடங்கியது. 1901இல் அவர் காலமானார். மறு வருடமே அந்த மின்சாரம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி வழியாகத் தங்கவயலுக்குப் போய்ச் சேர்ந்தது. பெங்களூரு தெருக்களுக்கு விளக்கு வந்தது 1905இல்தான். ஊருக்கு முன்னால் சுரங்கத்துக்கு வெளிச்சம் கொடுத்தவர் பெயரில் இருக்கும் நூலகத்தில், அந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்தவரைத் தேட வந்திருக்கிறேன்.

"கூத்கொள்ளி அம்மா" என்று நாற்காலியைக் காட்டினார் ஓர் ஊழியர். மேசைகளில் பெரும்பாலும் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். என் தாளில் இருந்த தங்கவயல் என்ற சொல்லைப் பக்கத்திலிருந்த பெண் பார்த்துவிட்டாள். "ஜானகி நாயர் புக் பாத்தீங்களா ஆண்ட்டி?" என்றாள். சுரங்கத் தொழிலாளரையும் ஆலைத் தொழிலாளரையும் பற்றி 1998இல் வெளிவந்த ஆய்வு. பெயரை என் தாளிலேயே எழுதிக் கொடுத்துவிட்டுத் தன் கணக்குக்குத் திரும்பிவிட்டாள்.

பக்கத்தில்தான் நிருபதுங்கா சாலை. 1909இல் தொடங்கிய மிதிக் சொசைட்டி அங்கே இருக்கிறது. 2021 முதல் இந்த நகரத்தின் கல்வெட்டுகளைத் தேடிப் பிடித்து, முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து காப்பாற்றுகிறார்கள். 2018இல் ஹெப்பாளில் சாலையோரம் தோண்டியபோது மண்ணிலிருந்து ஒரு கல் வந்தது. சண்டையில் இறந்த கித்தய்யா என்பவருக்கு ஏறத்தாழ 750ஆம் ஆண்டில் நட்ட கல். அதைக் கல்வெட்டு ஆர்வலர்கள் காப்பாற்றினார்கள். ஆயிரத்து இருநூறு வருடம் தாண்டி ஒருவருடைய பெயர் பிழைத்திருக்கிறது. சந்தோஷமாக இருந்தது, கூடவே ஓர் ஏக்கமும். என் பூட்டனின் அப்பாவுக்கு அப்படி ஒரு கல் கேட்கவில்லை. ஒரு பதிவேட்டில் ஒரே ஒரு வரி கிடைத்தால் போதும் என்றிருந்தது.

அன்று மாலைக்குள் ஜானகி நாயர் புத்தகம் கைக்கு வந்துவிட்டது. அறை விளக்கில் உட்கார்ந்து படித்தேன். 1930. தங்கவயல் தொழிலாளர்கள் 21 நாள் வேலைநிறுத்தம். காரணம்: ஆட்களைப் புதிதாகப் பதிவு செய்து கைரேகை எடுக்க நிர்வாகம் போட்ட திட்டம்.

பாட்டி பிறந்த வருடம் கிடைத்துவிட்டது. அவள் பிறந்த வருடத்தில் வீட்டில் கூலி வராத மூன்று வாரமும் உண்டு என்பது அப்புறம்தான் உறைத்தது. அதைவிடப் பெரிதாக ஒன்று என்னை உலுக்கியது. எந்தப் பதிவேட்டை நான் தேடி வந்தேனோ, அதைத்தான் அவர்கள் மறுத்திருக்கிறார்கள். கைரேகை குற்றவாளியிடம் எடுப்பது. உழைக்கிறவன் ஏன் கொடுக்க வேண்டும்? வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சேரியை விட்டு வந்து, பூமிக்குள் இறங்கி மானத்தோடு நின்றவர்கள் அவர்கள். அதே ஊரில்தான் அயோத்திதாசரின் 'தமிழன்' இதழை 1926 முதல் அப்பாதுரையார் மறுபடி நடத்தினார். தங்கவயலின் சாம்பியன் ரீஃப் பகுதியில் இருந்த சித்தார்த்த புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களைப் பதிப்பித்தது. அச்சுக்கும் படிப்புக்கும் அஞ்சியவர்கள் இல்லை. தங்களை எப்படி எழுதலாம், எப்படி எழுதக்கூடாது என்பதில் கறாராக இருந்திருக்கிறார்கள். காகிதத்தில் பூட்டன் இல்லாததை இழப்பு என்று மட்டும் இனி என்னால் நினைக்க முடியாது.

மறுநாள் அல்சூர் ஏரிக்கரை. 18 வருடம் மூடிக் கிடந்து 2009இல் திறந்த வள்ளுவர் சிலையைப் பார்த்துவிட்டு, தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் போனேன். பத்திரிகை படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் தங்கவயலையும் பாட்டி பிறந்த ஸ்ட்ரைக்கு வருசத்தையும் சொல்லிப் பேச்சுக் கொடுத்தேன். நிமிர்ந்து பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி:

"எந்த லைனும்மா நீங்க?"

தொழிலாளர் குடியிருப்பு வரிசையைக் கேட்கிறார். ஊர், பேர், ஜாதி எல்லாவற்றுக்கும் முன்னால் லைன். எனக்குத் தெரியவில்லை என்றேன். மாரிக்குப்பம் என்று அம்மா சொல்வதை மட்டும் சொன்னேன். அவர் பையிலிருந்து ஒரு லாங் சைஸ் நோட்டை எடுத்தார். தன் லைனில் வாசலுக்கு வாசல் யார் இருந்தார்கள், யாருக்கு யாரைக் கட்டிக் கொடுத்தார்கள், எந்த வருடம் யார் குழிக்குள் போய்விட்டார்கள் என்று நினைவிலிருந்து எழுதி வைத்திருக்கிறார். வருகிற போகிற தங்கவயல்காரர்களிடம் நோட்டை நீட்டுவாராம். அவரவர் திருத்தியிருக்கிறார்கள், சேர்த்திருக்கிறார்கள். ஒரே பக்கத்தில் ஐந்தாறு கையெழுத்து. என் பூட்டன் அதில் இல்லை.

"ஸ்ட்ரைக்கு வருசம் பொண்ணு பொறந்ததுன்னீங்களே, அத்த எழுதுங்கோ" என்று பேனாவை நீட்டினார். பூட்டன் பெயரை எழுதினேன். முன்னால் இடம் விட்டுத் தயங்கினேன். 'கே'க்கு விரிவு தெரியாது ஐயா என்றேன்.

"இருக்கட்டும்மா. கே போட்டுப் புள்ளி வையுங்கோ. தெரிஞ்சவங்க வந்தா எழுதட்டும்."