பூட்டு யார் போட்டது?

2004இல் எங்கள் காலனி இரவுப் பாடசாலைக்குக் கணினி சேர்த்தோம். வீட்டுக்கு வீடு வசூலித்த காசு; வேகமான ப்ராசஸர் வாங்க எட்டாது. விலை குறைந்த அத்லான் எக்ஸ்பி 2500+ வாங்கி ஓவர்கிளாக் செய்யலாம். டெஸ்க்டாப் ரகமா, மொபைல் ரகமா?

இரண்டும் ஒரே பார்ட்டன் சில்லு, ஒரே சாக்கெட். ஆனால் 2003 இறுதியிலிருந்து டெஸ்க்டாப் ரகத்தின் மல்டிப்ளையரைப் பூட்டியே விற்றார்கள். பஸ் வேகத்தைத்தான் கூட்ட முடியும். அதற்கு விலை கூடிய மெமரி வேண்டும். மொபைல் ரகத்தில் பூட்டில்லை. 1.65 வோல்ட்டுக்குப் பதில் 1.45 போதும், சூடும் குறைவு. அதையே வாங்கினோம். மலிவான 333 மெமரியிலேயே 166ஐ 13ஆல் பெருக்கி 2.16 கிகாஹெர்ட்ஸில் ஓட்டினோம்.

பூட்டிய சில்லுக்கும் ஓடத் தெரியும். எங்கள் பிள்ளைகளைப் பார்த்து 'தகுதியில்லை' என்பவர்களே, பூட்டைப் போட்டது யார்?