அனைத்துப் புனிதர்களின் முன்னிரவு

அக்டோபர் மாதம் என்றதும் எங்கள் பள்ளியில் செபமாலையின் நினைவே முதலில் வரும். ஆனால் சில ஆண்டுகளாக அம்மாதத்தின் கடைசி வாரத்தில் கடைவீதியில் வேறொன்றும் தொங்குகிறது. பல்லிளிக்கும் முகமூடிகளும் பிளாஸ்டிக் எலும்புக்கூடுகளுந்தான்! 'ஹாலோவீன்' என்ற பெயர் எங்கள் எல்லோருக்கும் பழக்கம். அதன் பொருள் என்ன என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

2025-ஆம் ஆண்டு நம் வகுப்பிலும் ஹாலோவீன் கொண்டாடலாமா என்று வகுப்பாசிரியையான அருட்சகோதரியிடம் கேட்டோம். அவர்கள் மறுக்கவில்லை. "அது என்ன விழா என்று தெரிந்துகொண்டு வாருங்கள். பிறகு வேடம் போடலாம்" என்று சிரித்தார்கள். அவ்வளவுதான், நூலகத்திற்கு ஓடினோம்.

தேடத் தேட எங்கள் வியப்பு வளர்ந்தது. 'ஹாலோ' என்பது பழைய ஆங்கிலத்தில் புனிதரைக் குறிக்கும் சொல். 'ஈன்' என்பது முன்னிரவு. நவம்பர் 1-ஆம் நாள் நாம் கொண்டாடும் அனைத்துப் புனிதர் பெருவிழாவின் முன்னிரவே ஹாலோவீன்! எட்டாம் நூற்றாண்டில் திருத்தந்தை மூன்றாம் கிரகோரி உரோமைப் புனித பேதுரு ஆலயத்தில் எல்லாப் புனிதர்களுக்குமாக ஒரு சிற்றாலயம் அமைத்தார். சுமார் 998-இல் குளூனி மடத்து அதிபர் புனித ஓதிலோ நவம்பர் 2-ஆம் நாளை இறந்தோருக்காக வேண்டும் நாளாக்கினார். அதுவே நமது கல்லறைத் திருநாள்.

அயர்லாந்தின் கெல்ட் மக்களுக்கோ அதற்கும் முன்பே இந்நாட்களில் ஒரு விழா இருந்தது. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் அவ்விழாவின் பெயர் ஏறக்குறைய 'சாவின்' என்று ஒலிக்குமாம். தமிழ்க் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ! அன்றிரவு இறந்தோர் உலாவுவர் என்று அம்மக்கள் நம்பினர். பிற்காலத்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து, முகம் செதுக்கி, உள்ளே விளக்கு வைத்தனர். 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தால் இலட்சக்கணக்கானோர் அமெரிக்காவுக்குக் கப்பலேறியபோது விழாவும் அவர்களோடு சென்றது. அங்கே குடைவதற்கு எளிதாகக் கிடைத்தது பறங்கிக்காய். இங்கிலாந்திலோ ஏழைச் சிறுவர்கள் வீடுவீடாகச் சென்று சிறு ரொட்டி வாங்கிக்கொண்டு, அவ்வீட்டில் இறந்தவர்களுக்காகச் செபம் சொல்வார்களாம்.

1842-இல் சென்னைக்கு வந்து பெண்களுக்குக் கல்விக்கண் திறந்த பிரசன்டேஷன் சபைச் சகோதரிகளும் அயர்லாந்தினரே. இதை எண்ணியபோது ஹாலோவீன் எங்களுக்குச் சற்றே நெருங்கிய உறவாகிவிட்டது.

ஆனால் கொண்டாடும் முறையில் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. பாதிப் பேர் பேய் வேடம் என்றனர். மீதிப் பேர் புனிதர் வேடம் என்றனர். பெரிய பட்டிமன்றமே நடந்தது. அப்போது, ஜூன் மாதம் தந்தையை இழந்த எங்கள் தோழி ஒருத்தி எழுந்தாள். பள்ளி திறந்ததிலிருந்து அவள் அதிகம் பேசியதில்லை.

"பேய் என்று நீங்கள் சொல்வது இறந்துபோனவர்களைத்தானே? எங்கள் அப்பா ஓர் இரவு வீட்டுக்கு வருவார் என்றால், நான் விளக்கேற்றி வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன். அவரைப் பார்த்து நான் ஏன் பயப்பட வேண்டும்?" என்றாள்.

ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. விழா வேண்டாமென்று அவள் கூறவில்லை. விளக்கு வேண்டுமென்றே கூறினாள். பட்டிமன்றம் அத்துடன் முடிந்தது.

கடையில் எதையும் வாங்குவதில்லை என்று முடிவு செய்தோம். மூங்கில் குச்சி, வண்ணக் காகிதம், மைதாப் பசை கொண்டு கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டும் முறையிலேயே விளக்குக் கூடுகள் செய்தோம். விடுதித் தோழியர் ஒரு பறங்கிக்காயைக் குடைந்து சிரித்த முகம் செதுக்கினர். குடைந்தெடுத்த சதை அன்று விடுதியில் கூட்டாகிப் பரிமாறப்பட்டது! "எங்கள் தெருவில் புதுவீட்டுக்குத் திருஷ்டிப் பூசணியில் இதைவிடக் கோரமான முகம் வரைவார்களே!" என்று ஒருத்தி சொல்ல, சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

அக்டோபர் 31, வெள்ளிக்கிழமை மாலை. பாட்டியின் நீலக்கரை வெள்ளைச் சேலையில் அன்னை தெரேசா வந்தார். காகித ரோஜாக்களுடன் குழந்தை இயேசுவின் தெரேசா வந்தார். 2022-இல் புனிதராக உயர்த்தப்பட்ட நம் குமரி மண்ணின் தேவசகாயம், கருப்புக் காகிதச் சங்கிலியுடன் கம்பீரமாக நின்றார். 2025 செப்டம்பர் 7 அன்று புனிதரான கார்லோ அக்குதிஸ் அண்ணனின் ஜீன்ஸும் முதுகுப்பையுமாக வரவே கைதட்டல் வானைப் பிளந்தது!

எல்லாவற்றிலும் எங்களுக்குப் பிடித்தது பின்சுவர்தான். அதில் நாங்கள் இழந்தவர்களின் பெயர்களை எழுதி ஒட்டினோம். பாட்டனாரின் தாயார் பெயர் பலருக்குத் தெரியவில்லை. வீட்டில் கேட்டு வந்தோம். பெயர் கேட்கப் போன இடத்தில் கதைகளும் கிடைத்தன. வெகுநாளாக வாய் திறக்காத அம்மாக்கள்கூட இரவு நெடுநேரம் பேசினார்கள். மகாளய அமாவாசையன்று முன்னோருக்குப் படைக்கும் இந்துத் தோழியர் எங்களைவிட அதிகப் பெயர்களை அறிந்திருந்தனர். தன் நாய்க்குட்டியின் பெயரை ஒருத்தி ஓரத்தில் எழுதியதை யாரும் தடுக்கவில்லை.

நவம்பர் 2, ஞாயிறன்று அத்தோழியுடன் கல்லறைத் தோட்டத்திற்குச் சென்றோம். புல் செதுக்கி, தண்ணீர் ஊற்றிக் கழுவி, செண்டுமல்லி தூவினோம். மெக்சிகோ நாட்டிலும் இதே நாட்களில் இதே பூவைத்தான் இறந்தோருக்குச் சூட்டுகிறார்கள். அங்கிருந்துதான் அப்பூ நம் நாட்டிற்கு வந்தது. குருவானவர் கல்லறைகளை மந்திரித்து முடித்ததும், அவள் தன் கையால் செய்த விளக்குக் கூட்டைத் தந்தையின் தலைமாட்டில் வைத்தாள். காற்றில் மெழுகுவர்த்தி அணையவில்லை. காகிதம் காத்துக்கொண்டது. அன்றுதான் அவள் தன் தந்தையைப் பற்றி எங்களிடம் முதன்முதலாகப் பேசினாள். அவர் எப்படிப் பாடுவார், எப்படிக் கோபிப்பார் என்றெல்லாம் கூறி, அழுதுகொண்டே சிரித்தாள்.

அன்புத் தோழியரே! வேடம் போடுங்கள், விளக்குக் கட்டுங்கள், ஆடிப்பாடுங்கள். ஆனால் அந்த விளக்கு யாருக்காக எரிகிறது என்று ஒரு நொடி எண்ணிப் பாருங்கள். நாம் அன்பு செய்தவர்களை இருட்டில் விட்டுவிட்டு அஞ்சுவானேன்? அவர்கள் பெயரைச் சொல்லி ஒரு திரி ஏற்றுவோம். இருளும் விலகும், அச்சமும் விலகும்.

– பத்தாம் வகுப்பு மாணவியர்