டீயை நிறுத்துவதற்கு முன்

கோவை கணபதிப் பக்கம் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர் என்னைத் தேடி வந்தார். பம்பு கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்பவர். "ஐயா, ஆர்டர் இருக்குதுங்க, கையில காசுதான் நிக்க மாட்டேங்குது. சாயங்கால டீ, வடைய நிறுத்திடலாம்னு இருக்கேன். வயசான டர்னர் ஒருத்தரையும் அனுப்பிடலாம்" என்றார்.

செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் டீ கிளாஸ் மேல்தான் முதலில் கண் விழுகிறது. பல பட்டறைகளில் பார்த்துவிட்டேன். "ஞாயித்துக்கெழம வர்றேன் தம்பி, அதுவரைக்கும் எதையும் நிறுத்தாதீங்க" என்று அனுப்பினேன்.

ஞாயிறன்று மெஷின் எதுவும் ஓடவில்லை. கம்ப்ரசரை மட்டும் போடச் சொன்னேன். டேங்க் நிரம்பியதும் நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓட ஆரம்பித்தது. காற்றை எடுக்க ஆளே இல்லாதபோது அது யாருக்காக ஓடுகிறது? ஓடிய நேரத்தையும் நின்ற நேரத்தையும் குறித்தாலே கணக்கு வந்துவிடும். பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம் ஓடினால், கம்ப்ரசரின் திறனில் நூற்றுக்கு முப்பது பங்கு ஒழுகிப் போகிறது என்று பொருள்.

எங்கே ஒழுகுகிறது என்று தேட வேண்டியிருக்கவில்லை. லீவு நாளிலும் வந்திருந்த அந்த டர்னர் அண்ணன் நேரே மூலைக்குப் போய் ஒரு ஹோஸைத் தூக்கிக் காட்டினார். "இது ரொம்ப நாளா சீறுதுங்க. சொல்லிப் பார்த்தனுங்க." தம்பி தலை குனிந்தார். மீதி மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவினோம். குமிழி வராத மூட்டு குறைவு.

7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று மணிக்குச் சுமார் 3 யூனிட் மின்சாரத்தைத் தின்றுவிடும். நாளைக்குப் 10 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் என்றால் 9,000 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்றே வைத்தாலும் 63,000 ரூபாய். நூற்றுக்குப் பத்து லாபம் நிற்கிற தொழிலில் அந்தக் காசைச் சம்பாதிக்க 6,30,000 ரூபாய்க்கு வேலை எடுத்துச் செய்தாக வேண்டும். இங்கே அதைச் சில கிளிப்புகளும் டெஃப்லான் டேப்பும் செய்துவிட்டன. 6 பார் போதுமான வேலைக்கு 7-ல் வைத்திருந்ததையும் இறக்கினோம். 1 பார் குறைத்தால் கம்ப்ரசர் மின்செலவில் நூற்றுக்கு 6, 7 மிச்சமாகும். சனிக்கிழமைதோறும் ஹோஸ்களைப் பார்க்கும் பொறுப்பு இப்போது அந்த அண்ணனுடையது. ஒழுகலைக் கேட்டே கண்டுபிடிக்கும் அவர் காது எந்தக் கடையிலும் கிடைக்காது. சம்பளப் பட்டியலில் அந்தக் காதுக்கு ஒரு வரி கிடையாது. அதனால்தான் ஆளை அனுப்புவது மிச்சம்போலத் தெரிகிறது.

இதைவிடப் பெரிய ஒழுக்கு பில் புத்தகத்தில் இருந்தது. செய்து கொடுத்த வேலைக்கு மாதக்கணக்கில் பணம் வரவில்லை. அந்த இடைவெளியை வட்டிக் கடன் அடைத்துக்கொண்டிருந்தது. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்குப் பணம் கொடுப்பது எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் வட்டி கேட்கலாம். "கேட்டா அடுத்த ஆர்டர் தர மாட்டாங்களேங்க" என்றார் தம்பி. அந்தப் பயம் நியாயமானது. அதை லேசாகப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரி விதியும் துணைக்கு வந்திருக்கிறது. கெடு தாண்டி நிற்கும் பாக்கியை, பணம் கொடுக்கிற வரைக்கும் வாங்கியவர் தன் செலவுக் கணக்கில் காட்ட முடியாது. அவருடைய கணக்கரே நினைவுபடுத்துவார்.

இப்போது தம்பியின் பில்லில், குறு, சிறு நிறுவனம் என்று காட்டும் உத்யம் பதிவு எண்ணும், பணம் வர வேண்டிய தேதியும் அச்சாகின்றன. பெரும்பாலானவர்கள் நேரத்துக்குக் கொடுக்கிறார்கள். ஒரு கம்பெனி மட்டும் முன்போலவே இழுத்தடிக்கிறது. அதற்கு எழுத வேண்டிய கடிதத்தை நேற்று இருவரும் உட்கார்ந்து எழுதினோம். மரியாதை குறையாமல், தொகையும் தேதியும் சட்டமும் தெளிவாக.