இரண்டு கடல்கள் சந்திக்கும் ஊரில் வளர்ந்த கிதார்!

ஸ்பெயின் நாட்டின் தென்கோடியில் இருக்கிறது அல்ஹெசிராஸ். அழகான சுற்றுலாத் தலம் என்று இதை யாரும் சொல்வதில்லை. எங்கு பார்த்தாலும் கன்டெய்னர்கள், கிரேன்கள், லாரிகள். எதிரே ஜிப்ரால்டர் பாறை. கடலுக்கு அந்தப் பக்கம் ஆப்பிரிக்கா. மொராக்கோ செல்லும் படகுகளைப் பிடிக்கத்தான் பெரும்பாலானோர் இங்கே வருகிறார்கள். வந்த வேகத்தில் கிளம்பியும் விடுகிறார்கள்.

ஆனால் இசைப் பிரியர்களுக்கு இது சாதாரண ஊர் அல்ல. ஃபிளமெங்கோ கிதாரை உலக மேடைகளுக்கு எடுத்துச் சென்ற பாக்கோ டி லூசியா 1947 டிசம்பர் 21 அன்று பிறந்தது இங்கேதான். துறைமுகத்துக்கு அருகே அவருக்குச் சிலை இருக்கிறது. அவர் அடக்கம் செய்யப்பட்டிருப்பதும் இதே ஊரில்தான்.

அம்மாவின் பெயரே அடையாளம்

அவரது இயற்பெயர் பிரான்சிஸ்கோ சான்செஸ் கோமெஸ். பிரான்சிஸ்கோ என்ற பெயரை ஸ்பெயினில் 'பாக்கோ' என்று சுருக்கிக் கூப்பிடுவார்கள். தெருவுக்குப் பல பாக்கோக்கள் இருந்தால் என்ன செய்வது? அம்மா பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள். போர்ச்சுகலில் பிறந்த லூசியாவின் மகன் என்பதால் இவர் 'பாக்கோ டி லூசியா' ஆனார்.

வீட்டில் வறுமை. அப்பா அன்டோனியோ பகலில் துணி விற்பார். இரவில் மதுக்கடைகளில் கிதார் வாசிப்பார். பள்ளிக்குச் செலவு செய்ய வழியில்லாததால் சிறுவன் பாக்கோவின் படிப்பு பாதியில் நின்றது. அதற்குப் பதிலாக, தினமும் பல மணி நேரம் கிதார் பயிற்சி. அப்பாவுக்கு அது கலை மட்டுமல்ல, பிள்ளையின் சோற்றுக்கான வழி.

அண்ணன் ரமோனுக்கு அன்றைய பெரிய கிதார் கலைஞர் நீன்யோ ரிக்கார்டோதான் தெய்வம். அவருடைய மெட்டுத் துணுக்குகளைத் தம்பிக்குச் சொல்லிக்கொடுப்பார். தம்பியோ அதை அப்படியே வாசிக்காமல், தனக்குப் பிடித்தபடி கொஞ்சம் மாற்றி வாசிப்பான். முதல் பாதிப்பும் முதல் மீறலும் ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் நடந்தன.

உன் இசை எங்கே?

1960-களின் தொடக்கத்தில் ஹோசே கிரெக்கோவின் நடனக் குழுவோடு அமெரிக்கா போனார் பாக்கோ. அப்போது அவர் டீன் ஏஜ் பையன். அங்கே குடியேறியிருந்த மேதை சபிக்காஸைச் சந்தித்தார். அடுத்தவர் பாணியிலேயே நிற்காமல் சொந்தமாக இசையமைக்கச் சொன்னார் சபிக்காஸ். அந்த அறிவுரை பாக்கோவின் பாதையைத் திருப்பியது.

அடுத்த திருப்பம், கமரோன் டி லா இஸ்லா. அல்ஹெசிராஸிலிருந்து சாலை வழியே நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் வரும் சான் பெர்னாண்டோதான் இந்தப் பாடகரின் ஊர். 1969 முதல் 1977 வரை இருவரும் சேர்ந்து வரிசையாக ஆல்பங்கள் வெளியிட்டார்கள். உண்மையில், பாக்கோவுக்குப் பாடகராகத்தான் ஆசை. கூச்சம் தடுத்துவிட்டது. பாட முடியாத அந்த ஏக்கம் விரல்களுக்கு இறங்கியது. பக்கவாத்தியம் வாசிப்பவர் பாடகரின் மூச்சைக் கவனிக்க வேண்டும், எங்கே நிறுத்துவார், எங்கே இழுப்பார் என்று காத்திருக்க வேண்டும். மின்னல் வேகத்துக்குப் பெயர் பெற்ற கிதாருக்கு நிதானத்தையும் மௌனத்தையும் கற்றுக்கொடுத்தது கமரோனின் குரல்.

1973-ல் வெளிவந்த ஆல்பத்தில் இடத்தை நிரப்பச் சேர்க்கப்பட்ட ஓர் இசைத் துண்டு, அவரை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. அதன் தலைப்புக்கு 'இரண்டு நீர்களுக்கு நடுவே' என்று பொருள். மத்தியதரைக் கடலும் அட்லாண்டிக்கும் சந்திக்கும் ஜலசந்திக் கரையில் பிறந்தவருக்கு எவ்வளவு பொருத்தம்!

கடல் தாண்டி வந்த பெட்டி

1970-களின் பிற்பகுதியில் பெரு நாட்டுக்குப் போனபோது 'கஹோன்' என்ற மரப்பெட்டித் தாளக்கருவியைக் கேட்டு அசந்துபோனார் பாக்கோ. ஆப்பிரிக்க அடிமைகளின் வம்சாவளியினர் உருவாக்கிய கருவி அது. ஒன்றை வாங்கி வந்து தன் குழுவில் சேர்த்தார். நம் ஆதி தாளத்துக்கு 8 அட்சரம் போல, ஃபிளமெங்கோவின் முக்கிய வடிவங்கள் பலவற்றுக்கு 12 அடிச் சுழற்சி. அந்தக் கணக்குக்குள் கஹோன் கச்சிதமாக உட்கார்ந்தது. பேஸ் கிதார், புல்லாங்குழல், சாக்ஸபோன் எல்லாம் வந்தன. 'மரபைக் கெடுக்கிறார்' என்று பழைமைவாதிகள் முணுமுணுத்தார்கள். இன்றைக்குக் கஹோன் இல்லாத ஃபிளமெங்கோ மேடையைப் பார்ப்பதே அரிது.

பெரிய சோதனை ஜாஸ் வடிவில் வந்தது. ஜான் மெக்லாக்லின், அல் டி மியோலா இருவருடனும் 1980 டிசம்பர் 5 அன்று சான் பிரான்சிஸ்கோவில் மேடையேறினார். மெக்லாக்லின் நமக்கும் நெருக்கமானவர். வீணை கற்றவர், கடம் விக்கு விநாயக்ராமோடு 'சக்தி' குழுவில் வாசித்தவர். ஜாஸ் இலக்கணம் படிக்காத பாக்கோவுக்கு, அந்த இருவரோடு மேடையில் அந்தக் கணமே கற்பனை செய்து வாசிப்பது தலைவலியையே கொடுத்தது. தெரியாத இடத்தில் நிற்கும் பயம் அது. ஆனாலும் விலகவில்லை. கற்றதை ஊருக்குக் கொண்டுவந்தார். அவரது ஃபிளமெங்கோவில் புதிய சுரச் சேர்க்கைகள் நுழைந்தன.

இசைக் குறியீடு படிக்காமலே வளர்ந்தவர், 1991-ல், நாற்பதைத் தாண்டிய வயதில், ரோட்ரிகோவின் 'அரான்ஹுவேஸ்' கச்சேரியை ஆர்கெஸ்ட்ராவோடு வாசித்தார். படிப்பு நின்றுபோன பையன் கடைசிவரை மாணவனாகவே இருந்தார்.

போகிறவர்களுக்கு

மலாகா நகரிலிருந்து பேருந்தில் அல்ஹெசிராஸ் வரலாம். படகுக்கு நேரமிருந்தால் பாக்கோ வளர்ந்த பாஹடில்யா பகுதிப் பக்கம் ஒரு நடை போய்வரலாம். போக முடியாதவர்களுக்குக் கையில் போன் இருக்கிறதே! முதலில் 1973 ஆல்பம், பிறகு சான் பிரான்சிஸ்கோ கச்சேரி, கடைசியாக 'கன்சியோன் அண்டலூசா' என்ற வரிசையில் கேட்டுப் பாருங்கள்.

அந்தக் கடைசி ஆல்பம், 2014 பிப்ரவரி 25 அன்று மெக்சிகோவில் மாரடைப்பால் அவர் இறந்த பிறகு வெளிவந்தது. ஜாஸ், பெரு, ஆர்கெஸ்ட்ரா என்று உலகமெல்லாம் சுற்றிய விரல்கள் அதில் எதை வாசிக்கின்றன தெரியுமா? சிறுவயதில் கேட்டு வளர்ந்த பழைய அண்டலூசியப் பாட்டுகளை!