ஆயிரத்துச் சொச்சம் எலுமிச்சம்பழமும் தங்கச்சி கல்யாணமும்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. (எல்லாரும் வழக்கமா சொல்ற பொய் தான், கண்டுக்காதீங்க.) நெசத்துல நடுவுல தங்கச்சி கல்யாணம். போன வருஷம் ஆவணியில, கோவில்பட்டியில. கல்யாணத்தைப் பத்தி எழுதினா கல்யாண வீடியோ மாதிரி நாலு மணி நேரம் இழுக்கும், அதனால எலுமிச்சம்பழத்தை மட்டும் சொல்றேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி பெங்களூர்ல ரூம்ல துணி மடிச்சிட்டு இருக்கேன், தங்கச்சி போன்.

"அண்ணே, கல்யாணத்துக்கு லெமன் தீம் வைக்கலாம்னு இருக்கேன்."

எனக்குப் புரியல. சட்னி அரைக்கப் போறாளோன்னு நினைச்சேன். அப்புறம் வாட்ஸப்ல வரிசையா படம் அனுப்பினா. இத்தாலி மாதிரி ஏதோ ஒரு ஊரு, வெள்ளைத் துணி போட்ட மேஜை, நடுவுல மஞ்ச மஞ்சளா பழம், பச்சை இலை. பாக்க அழகாத்தான் இருந்துச்சு. ஆனா அது இத்தாலி. நம்மூரு மண்டபத்து வாசல்ல ரெண்டு வாழை மரமும் சீரியல் செட்டும் "நல்வரவு" தெர்மாகோலும் தானே பாத்திருக்கோம். பொட்டி தட்டுறவன் அண்ணனா இருக்கறதால இன்ஸ்டாகிராம்ல பாத்த எல்லாத்தையும் செஞ்சு குடுக்கணும்னு எதிர்பாக்குறாளோன்னு கொஞ்சம் எரிச்சலும் வந்துச்சு. "அப்பாட்ட கேட்டியா?"ன்னேன். "நீ கேளு"ன்னுட்டு வச்சிட்டா.

அப்பாட்ட கேட்டேன். "ம்"னாரு. எங்க அப்பா "ம்"ன்னா அது சரியும் இல்ல, வேண்டாமும் இல்ல.

பெரியப்பா வீட்டுல தெரிஞ்சதும் தான் பஞ்சாயத்து ஆரம்பிச்சது. முச்சந்தியில அறுத்துக் குங்குமம் தடவிப் போடுற சாமானைக் கல்யாண வாசல்ல கட்டுவாங்களா, புது வண்டிச் சக்கரத்துல நசுக்குறதைப் பொண்ணு தலைக்கு மேல தொங்க விடுவாங்களான்னு பெரியம்மா ஒரே சத்தம். அவங்க சொல்றதும் நியாயமாத்தான் பட்டுச்சு. இன்னொரு பக்கம் பாத்தா, பெரிய மனுசங்களைப் பாக்கப் போகையில கையில குடுக்குறதும் எலுமிச்சம்பழம் தான். மாப்பிள்ளை கையில பிடிச்சிருக்கிறதும் அதான். ஒரே பழத்துக்கு இத்தனை ரோலா?

கடைசியில எங்க ஆச்சி தான் தீர்ப்பு சொன்னது. எண்பத்தஞ்சு வயசு, காது கொஞ்சம் மந்தம், ஆனா தேவையானது மட்டும் நல்லாக் கேக்கும்.

"ஊசியில கோத்தா அது ஆத்தாளுக்கு. கத்தியில அறுத்தா அது கழிப்புக்கு. மனுசருக்குக் குடுக்குறதை முழுசாக் குடுக்கணும். ஏட்டி, பழத்துல ஊசி படாம கட்ட முடிஞ்சா கட்டிக்கோ. இல்லேன்னா பேசாம வாழை மரத்தைக் கட்டு."

(அப்ப பந்தியில எலுமிச்சை ஜூஸ் போடுறோமே, அது கத்தி படாதான்னு கேட்டேன். "அது திங்கிற சாமான், அதுல என்னலே இருக்கு"ன்னுச்சு. ஆச்சிகிட்ட லாஜிக் பேசி ஜெயிச்சவன் எவனும் இல்ல.)

விழுப்புரம் மாவட்டத்துல திருவெண்ணெய்நல்லூர் பக்கம் ஒரு முருகன் கோயில்ல, 2024 பங்குனி உத்திரத் திருவிழாவுல வேல்ல குத்தி வச்ச ஒன்பது எலுமிச்சம்பழம் 2 லட்சத்து 36 ஆயிரம் ரூபாய்க்கு ஏலம் போச்சு, பேப்பர்ல படிச்சிருப்பீங்க. பிள்ளை வரம் கேக்குறவங்க வாங்குறது. ஆச்சி கணக்குப்படி அதுவும் சரி தான், குத்தினது சாமிக்கு. 2022 ஏப்ரல்ல பழம் விலை எகிறினப்ப குஜராத்துல ராஜ்கோட் பக்கம் தோராஜிங்கிற ஊர்ல ஒரு மாப்பிள்ளைக்குச் சொந்தக்காரங்க பெட்டி பெட்டியா எலுமிச்சம்பழமே மொய்யா வச்சாங்க. அது முழுப் பழம். அதுவும் சரி :-)

ஊசி படாம எப்படிக் கட்டுறது? மேடை அலங்காரம் பண்றவர் (பேரு வேண்டாம், ஊருக்குள்ள நடமாடணும்) "தம்பி, எதுக்கு மெனக்கெடுறீங்க, பிளாஸ்டிக் பழம் இருக்கு, ஒரிஜினலை விட ஷைனிங்கா இருக்கும்"னாரு. தங்கச்சிகிட்ட சொன்னேன். "பிளாஸ்டிக்னா ஒண்ணுமே வேண்டாம்"னு போனை வச்சிட்டா. குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. அப்ப எனக்கு அது உறைக்கல.

சரி, இறங்கிட்டோம், இன்ஜினியரிங் படிச்சதுக்கு ஒரு தடவையாவது உபயோகப்படட்டும்னு தேட ஆரம்பிச்சேன். பிரான்ஸுல மாந்தோன்னு (எழுத்துல மென்டன்) கடலோர ஊரு ஒண்ணு இருக்கு. அங்க 1934-ல இருந்து வருஷா வருஷம் பிப்ரவரியில எலுமிச்சைத் திருவிழா. எலுமிச்சையும் ஆரஞ்சுமா கிட்டத்தட்ட 140 டன் பழத்தை வச்சு யானை, கோபுரம், டிராகன்னு ஆளுயரத்துக்கு மேல கட்டி நிறுத்துவாங்க. (அதுல பெரும்பகுதி ஸ்பெயின்ல இருந்து வருதாம். திருவிழா அவங்களுது, பழம் பக்கத்து நாட்டுது!) ஒரு பழத்துலயும் ஓட்டை போட மாட்டாங்க. கம்பி வலையில ஒவ்வொரு பழத்தையும் ரப்பர் பேண்டு மாட்டிக் கட்டுவாங்க. தோல்ல ஓட்டை விழுந்தா சாறு கசியும், பூசணம் பிடிக்கும், பக்கத்துப் பழத்தையும் கெடுக்கும்.

ஆச்சி சொன்னதும் அதானே! பிரான்ஸுக்காரனும் எங்க ஆச்சியும் ஒரே பாயிண்ட்ல நிக்கிறாங்க. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு.

அடுத்தது கணக்கு. நம்ம நாட்டு எலுமிச்சை சுமாரா நாலு சென்டிமீட்டர் அகலம், 45 கிராம் எடை. ஒரு சதுர அடியை நிரப்ப 55 பழம் வேணும். தங்கச்சி கேட்டது மேடைக்குப் பின்னாடி முழுச் சுவரும், 20 அடிக்கு 10 அடி. 200 சதுர அடி, 11,000 பழம், அரை டன். தெர்மாகோல் தாங்குற ஃப்ரேமுல அரை டன்னை ஏத்தினா பொண்ணு மாப்பிள்ளை மேல விழுந்து அன்னைக்கே அறுபதாம் கல்யாணத்தையும் சேத்து முடிச்சிரலாம். பேசிப் பேசி வாசல்ல ரெண்டு தூண் மட்டும்னு முடிவாச்சு. ஆறடி உயரம், ஒன்றரை அடி அகலம், முன்பக்கம் மட்டும். அதுக்கு 990 பழம். வர்றவங்க கையில ஆளுக்கு ஒண்ணு குடுக்க இன்னொரு 500. மொத்தம் 70 கிலோ.

70 கிலோ பழம்னா புளியங்குடி தான். தென்காசி மாவட்டத்துல, மேற்கு மலையடிவாரத்துல இருக்கு. அந்தப் பக்கத்து எலுமிச்சை கேரளா வரைக்கும் போகுது. கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி காலையில ஒரு லோடு ஆட்டோ பேசி, நானும் அப்பாவும் கழுகுமலை, சங்கரன்கோவில் வழியா கிளம்பினோம். நான் தனியாப் போறேன்னு தான் சொன்னேன். அவரே செருப்பை மாட்டிட்டு வந்து முன்னாடி ஏறி உக்காந்துட்டாரு.

கமிஷன் கடையில நான் "மஞ்சளா, பெருசா" பாத்து எடுத்து வச்சிட்டு இருந்தேன். அப்பா பக்கத்துல வந்து அதுல பாதியைத் திருப்பிக் குவியல்லயே போட்டாரு. "தோல் தடிச்சிருக்கு, சாறு இருக்காது. முழுசாப் பழுத்தது ரெண்டு நாள்ல சுருங்கிரும். காம்பு ஓரம் லேசாப் பச்சை இருக்கிறதா எடு"ன்னாரு. கையில தூக்கிப் பாத்து, பெருவிரலால ஒரு தடவு, அவ்வளவு தான், எடுத்துப் போட்டுட்டே போறாரு. கடைக்காரர் பாத்துட்டு, "ஐயா தோப்பு வச்சிருக்கீங்களோ?"ன்னு கேட்டாரு.

"வச்சிருந்தேன்"னாரு அப்பா.

எனக்கு அங்க தான் உறைச்சது.

எங்களுக்கு ஊருக்கு மேக்க கொஞ்சம் செவக்காடு உண்டு. மத்ததெல்லாம் கரிசல், மழையை நம்பின மானாவாரி. உளுந்து, பாசி, பருத்தி, மக்காச்சோளம். கரிசல்ல எலுமிச்சை சரிப்படாது. மழை பெஞ்சா தண்ணி கட்டும், காஞ்சா வெடிக்கும். அதனால 2011-ல அந்த செவக்காட்டுல அரை ஏக்கர்ல போர் போட்டு ஐம்பது எலுமிச்சங்கன்னு வச்சாரு. நாலு வருஷம் காத்திருந்து 2015-ல தான் நல்லாக் காய்ப்பு எடுத்துச்சு. 2016-ல வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுக்க வழக்கத்தை விட 62 சதவீதம் குறைவு, ஞாபகம் இருக்கும். எங்க பக்கம் அந்த மழையை விட்டா வேற மழை ஏது? போர் காத்து வாங்குச்சு. 2017 சித்திரையில மரம் பூரா காஞ்சு போச்சு.

இதெல்லாம் எனக்குத் தெரிஞ்ச விஷயம் தான். ஆனா போன்ல தெரிஞ்ச விஷயம். அப்ப நான் காலேஜ் ஹாஸ்டல்ல. அம்மா "மரம் பட்டுப் போச்சுய்யா"ன்னாங்க, நான் "அச்சச்சோ"ன்னுட்டு அடுத்த நாள் இன்டர்னல்ஸுக்குப் படிக்கப் போயிட்டேன்.

திரும்பி வரும்போது கழுகுமலையில டீ குடிக்க நிறுத்தினோம். அப்பா தானாப் பேசினது அங்க தான். ரெண்டு மாசம் டிராக்டர்ல தண்ணி வாங்கி ஊத்தினாராம். பணம் முடிஞ்சதும் சைக்கிள்ல குடம் கட்டிக் கொண்டு போயிருக்காரு. பதினொண்ணாம் வகுப்பு படிச்சிட்டு இருந்த தங்கச்சி காலையில ஸ்கூல் போகும் முன்னாடி ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை கூடவே போயிருக்கா. ஐம்பது மரத்துக்கும் ஊத்த முடியாதுன்னு எட்டு மரத்தை மட்டும் இவங்களே தேர்ந்தெடுத்து ஊத்தியிருக்காங்க. அந்த எட்டும் பட்டுப்போச்சு. "வெட்டுற அன்னைக்கு அது ஸ்கூலுக்குப் போகல"ன்னாரு. டீ கிளாஸைக் கீழ வச்சிட்டு, "விக்கி, சாக்கை நனைச்சுப் போடு, வெயில் ஏறுது"ன்னு எழுந்து போயிட்டாரு.

நான் அவளை இன்ஸ்டாகிராம் பைத்தியம்னு நினைச்சிட்டு இருந்தேன். ஏழெட்டு வருஷமா எங்க வீட்டுல யாரும் அந்தத் தோட்டத்தைப் பத்திப் பேசினதில்ல. ஊறுகாய்க்குக் கூட அம்மா நார்த்தங்காய் தான் போடுவாங்க. அதையும் நான் கவனிச்சதில்ல.

சரி, வேலைக்கு வருவோம். முந்தின நாள் சாயங்காலம் மண்டபத்து வாசல்ல கோழி வலை அடிச்ச ரெண்டு ஃப்ரேம், ரெண்டு சாக்கு பழம், நாலு கிலோ ரப்பர் பேண்டு, நான். அரை மணி நேரத்துல முப்பது பழம் கட்டினேன். பத்து கீழ விழுந்துச்சு. இந்த வேகத்துல போனா தாலி கட்டி முடிஞ்சு மறுவீட்டுக்குத் தான் தூண் ரெடியாகும். எங்க தெருவுல இருந்து அம்மா கூட்டிட்டு வந்த அக்காமாரு அஞ்சு பேரு பாத்துட்டு நின்னாங்க. எல்லாரும் சின்ன வயசுல இருந்து தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாத்தவங்க. "தள்ளு தம்பி"ன்னு உக்காந்தாங்க. பழத்தை இடது கையில உருட்டி, பேண்டைக் குறுக்க ஒரு சுத்து, வலைக்கண்ணுல நுழைச்சுத் திருப்பி மாட்டி, அடுத்தது. கண்ணு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம், கை தனியா ஓடுது. இரண்டரை மணி நேரத்துல ரெண்டு தூணும் முடிஞ்சது. நடு நடுவுல எலுமிச்சை இலைக் கொத்து, ஓரத்துல கேந்திப் பூ. நான் செஞ்ச முப்பதுலயும் இருபத்திரெண்டை அவுத்துத் திருப்பிக் கட்டினாங்கங்கிற வரலாற்று உண்மையையும் இங்க பதிஞ்சிடறேன்.

விடிகாலையில தங்கச்சி மண்டபத்துக்கு வந்து இறங்கினா. வாசல்ல நின்னு பாத்தா. ஒண்ணும் சொல்லல. அப்பாவும் பக்கத்துல ஒண்ணும் சொல்லல. ரெண்டு பேரும் சேந்து ஒரு நிமிஷம் நின்னாங்க. அப்புறம் அவ வலது பக்கத் தூண்ல ஒரு பழத்தை லேசாத் தட்டிப் பாத்தா, "நல்லாக் காச்சிருக்கு"ன்னாரு அப்பா. ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துருச்சு. எனக்கு ஏதோ வேலை இருக்கிற மாதிரி சமையக்கட்டுப் பக்கம் போயிட்டேன்.

பெரியம்மா வந்தாங்க. சுத்திப் பாத்தாங்க. ஊசி எதுவும் படலைன்னு ஒரு பழத்தைத் திருப்பித் திருப்பி செக் பண்ணிட்டு (டெஸ்டிங் டீம் தோத்துது போங்க), "லட்சணமாத்தான் இருக்கு"ன்னு உள்ள போனாங்க.

ஒரு சேதாரம் மட்டும் உண்டு. சாயங்கால ரிசப்ஷனுக்கு அந்த மேடைக்காரர் நாங்க கேக்காமலே மஞ்சள் பலூன்ல ஒரு வளைவு வச்சிருந்தாரு. எலுமிச்சைத் தோல்ல லிமோனீன்னு ஒரு எண்ணெய் இருக்கு. அது பலூன் ரப்பரைக் கரைச்சிரும். இதை எங்க மாமா பையன் ஒருத்தன் எப்படியோ கண்டுபிடிச்சு, ஜூஸ் கடைத் தோலை எல்லாம் பொறுக்கி வந்து, பலூன் மேல பிதுக்கி விட்டுட்டு இருந்திருக்கான். டமார். அடுத்த டமார். போட்டோக்காரர் "கொஞ்சம் சிரிங்க"ன்னு சொல்லும்போதெல்லாம் ஒண்ணு. ஆல்பத்துல பாதிப் படத்துல மாப்பிள்ளை திடுக்கிட்ட முகத்தோட தான் இருக்காரு. நல்லவேளை, தூண்ல தோல் எதுவும் நசுங்காததால ரப்பர் பேண்டு ஒண்ணும் ஆகல.

போகிறவங்களுக்குத் தாம்பூலப் பையில ஒரு எலுமிச்சம்பழம், தேங்காய், கூடவே நம்மூரு கடலை மிட்டாய். (2020-ல புவிசார் குறியீடு வாங்கினதாக்கும், சும்மா இல்ல.) பை தீர்ந்ததும் சின்னப் பிள்ளைங்க தூண்லயே கை வச்சுட்டாங்க. ராத்திரி பாத்தா அவங்க கைக்கு எட்டுற உயரம் வரைக்கும் வெறும் வலை, அதுக்கு மேல பழம். அப்பாகிட்ட விரட்டச் சொன்னேன். "பறிக்கத் தானே காச்சது, விடு"ன்னுட்டாரு.

மிச்சப் பழத்தை அம்மா ரெண்டு பெரிய ஜாடி ஊறுகாய் போட்டாங்க. எலுமிச்சை ஊறுகாய். ஒரு பாட்டில் இப்ப என் மேஜையில இருக்கு. ரப்பர் பேண்டு இன்னும் மூணு கிலோ மிச்சம் கிடக்கு, யாராவது தூண் கட்டுறதா இருந்தா சொல்லுங்க, அனுப்பி வைக்கிறேன்.