ஜன்னல் பச்சை

அரியக்குடியில எங்க வீட்டுக்கு எத்தனை பங்குன்னு கேட்டா, நானே விரல் விட்டு எண்ணித்தான் சொல்லணும். பின்கட்டை மட்டும் மூணு வருஷமா வாடகைக்கு விட்டிருக்கோம். வாடகை வாங்குற வேலை எனக்கு. பங்காளிகள்கிட்ட திட்டு வாங்குற வேலையும்தான் :-)

தை மாசம் போயிருந்தப்போ குடியிருக்கிற பெண், "அண்ணே, ஜன்னல் பெயிண்ட் செதில் செதிலா உரியுது. பாப்பா எடுத்து வாயில வச்சுக்கிறா"ன்னாங்க. பாப்பாவுக்கு ஒன்றரை வயசு. "அடுத்த வாரமே பெயிண்டரை அனுப்பி உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்றேன்"னு பெருமையா சொல்லிட்டு வந்துட்டேன்.

ராத்திரி நியூஜெர்சியில இருக்கிற தம்பிகிட்ட இதைச் சொன்னதும், "தேய்க்கச் சொல்லிடாதே"ன்னு பதறினான். அங்கே 1978க்கு முன்னாடி கட்டின வீடுன்னா, பெயிண்டில் ஈயம் இருப்பது தெரிந்தால் வீட்டுக்காரர் அதை எழுத்தில் சொல்லி, ஒரு கையேடும் கொடுத்துத்தான் வாடகைக்கு விடணுமாம். 1996லிருந்து இப்படி.

நம்ம நாட்டில், வீட்டு பெயிண்டில் 90 பிபிஎம்முக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2016ல் வந்து, 2017 நவம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. அது புது பெயிண்டுக்கு. எங்க ஜன்னலில் இருப்பதோ அப்பச்சி காலத்திலிருந்து ஒன்றின் மேல் ஒன்றாக அடித்த எனாமல். செட்டிநாட்டுச் சுண்ணாம்புச் சுவரைப் பற்றி எனக்குப் பயமில்லை. பயமெல்லாம் மரத்திலும் கம்பியிலும்தான். அந்தக் கால மஞ்சளிலும், மஞ்சள் கலந்து வரும் பச்சையிலும் லெட் குரோமேட் சகஜம். எங்க ஜன்னல் பச்சை.

செதிலை விட மோசம், உலர்வாகத் தேய்த்தால் பறக்கும் தூசி. தரையில் படியும், தவழும் குழந்தையின் கையில் ஒட்டும், வாய்க்குள் போகும். மூளை வளர்ச்சியையே பாதிக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஒரு அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார அமைப்பு. நான் அந்தத் தூசியைக் கூலி கொடுத்துக் கிளப்ப இருந்தேன்!

பங்காளிகளிடம் சொன்னேன். "நாமெல்லாம் அந்த ஜன்னல்ல தொங்கித்தானேப்பா வளர்ந்தோம்?" என்றார் மூத்தவர். (அதனால்தான் இப்படி இருக்கோமோ என்னவோ.) 2017ம் வருஷத்துத் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் அட்டவணையைக் காட்டினேன். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. ஈயத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் ஜன்னல் நம்முடையது என்பதில் சந்தேகமில்லையே?

பெயிண்டைச் சோதிக்கவில்லை, ஈயம் இருக்குன்னே வச்சுக்கிட்டேன். குடும்பத்தை ஒரு வாரம் முகப்புப் பக்கம் தங்க வைத்தோம். தரையில் பிளாஸ்டிக் விரித்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து ஈரத்திலேயே தேய்த்தார்கள். நெருப்பு காட்டி உரிக்கிறேன் என்றார் பெயிண்டர். புகை இன்னும் ஆபத்து, வேண்டாம் என்றேன். ரெண்டு நாள் கூலி கூடுதல். கழிவைப் பையில் கட்டி, தரையை ஈரத்துணியால் மூன்று முறை துடைத்தாச்சு.

பாப்பாவின் ரத்தத்தில் ஈயம் இருக்கான்னு பார்க்கக் கொடுத்திருக்கோம். அந்தச் செலவும் நம்ம கணக்குதான்னு சொல்லிட்டேன். ரிசல்ட் இன்னும் வரலை.